ஈசினோபில் 5,320, ஐஜிஇ 2,900: புழுவா, அலர்ஜியா? இந்த ரத்த அறிக்கையை எப்படிப் படிப்பது?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். நாங்கள் கும்பகோணம் பக்கம். என் தம்பிக்கு 29 வயது, சில மாதங்களாக இரவில் இருமல். பகலில் ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், நடுராத்திரி தாண்டினால் இருமல் ஆரம்பித்துவிடும், அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் விடிகிறது. எடையும் குறைந்திருக்கிறது. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்து திரும்பவும் வந்துவிட்டது.

இப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளையணு 14,000, ஈசினோபில் 38 சதவீதம், ஐஜிஇ 2,900. மருந்துக்கடைக்காரர் "இது பூச்சிதான்" என்று ஒரு அல்பெண்டசோல் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா "ஈஸ்னோபீலியாதான், தூசிக்கு ஆகாது, எனக்கும் இருந்தது" என்கிறார். ஒரு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார், இன்னும் ஆரம்பிக்கவில்லை.

ஆளுக்கொன்று சொல்வதால் எதை நம்புவது என்று தெரியவில்லை. இந்த எண்களை வைத்துப் புழு இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

லேப்_கலை எழுதியது:

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் என் வேலை, அதனால் முதலில் எண்ணைச் சரியாக எடுத்துக்கொள்வோம். 38 சதவீதம் என்பதை விட்டுவிடுங்கள். 14,000இல் 38 சதவீதம் என்றால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 5,320 ஈசினோபில், அது வெள்ளையணுவில் ஒரு வகை. பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். சாதாரணமாக 500க்குள் இருக்கும், 1,500 தாண்டினால் மிக அதிகம் என்று கணக்கு. சதவீதத்தை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். மொத்த அணுக்கள் 3,000 உள்ளவருக்கு 12 சதவீதம் என்று வந்தால் அறிக்கையில் அந்த வரி தடித்த எழுத்தில் இருக்கும், ஆனால் கணக்குப் போட்டால் 360தான், அதில் ஒன்றுமில்லை. உங்கள் தம்பியுடையது அப்படியில்லை, 5,320 நிஜமாகவே மிக அதிகம்.

அடுத்தது, ஸ்லைடு போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மெஷின் எண்ணிக் கொடுப்பதை மட்டும் வைத்து விட்டுவிடக் கூடாது. லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடில் ஈசினோபிலைத் தவறவிடவே முடியாது, உள்ளே கரு இரண்டாகப் பிரிந்து மூக்குக்கண்ணாடி மாதிரி நிற்கும், சுற்றி முழுக்க ஆரஞ்சு கலந்த சிவப்பில் மணிமணியாகத் துகள்கள். 5,000க்கு மேல் போனவர்களின் ஸ்லைடில் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அதுதான் கண்ணில் படும். அதோடு அணுக்கள் முதிர்ந்தவையா இல்லையா என்பதையும் பார்க்கலாம், ஏனென்றால் சில ரத்தப் புற்றுநோய்களிலும் இது ஏறும்.

ஸ்டீராய்டைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். நெஞ்சக நோய் மருத்துவரிடம் காட்டி, அவர் ஆரம்பிக்கச் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள். ஸ்டீராய்டு உள்ளே போனால் மணிக்கணக்கில் ஈசினோபில் சரிந்துவிடும், அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பொதுமருத்துவன் எழுதியது:

கலை சொன்னது அத்தனையும் சரி. நான் உங்கள் தம்பியைப் பார்க்கவில்லை, அதனால் நோய் இதுதான் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் காவிரிப் படுகை, இளவயது ஆண், நடுராத்திரி இருமல், எடை குறைவு, ஈசினோபில் 3,000க்கு மேல், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் 1,000க்கு மேல் என்று வரிசையாகக் கேட்டால் நம்மூரில் படித்த எந்த மருத்துவருக்கும் முதலில் மனதில் வர வேண்டியது டிராப்பிகல் பல்மனரி ஈசினோபீலியா. ஃபைலேரியா என்ற யானைக்கால் புழுவின் குட்டிகளுக்கு எதிராக நுரையீரலில் உடம்பு நடத்தும் அளவுகடந்த எதிர்ப்பு அது. பலருக்கு இது ஆஸ்துமா என்றும் காசநோய் என்றும் மாதக்கணக்கில் வைத்தியம் நடந்துவிடுகிறது, எனக்கு இந்த நோயில் இருக்கும் ஒரே ஆதங்கம் அதுதான்.

இதன் வரலாறே நம் பக்கத்தில்தான் நடந்தது. 1940இல் அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையிலிருந்து ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் எழுதினார்கள், காசநோய் மாதிரியே இருக்கிறது, ஆனால் காசநோய் இல்லை, ரத்தத்தில் ஈசினோபில் மட்டும் ஏராளம் என்று. 1943இல் வைன்கார்ட்டன் அதற்கு டிராப்பிகல் ஈசினோபீலியா என்று பெயர் வைத்தார். மேகநோய்க்காக ஆர்சனிக் ஊசி போட்டுக்கொண்ட ஒரு நோயாளிக்கு இதுவும் சேர்ந்து குணமானதிலிருந்து அந்த ஊசியையே இதற்கும் போட ஆரம்பித்தார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை, ஏனென்றால் இந்த நோயாளிகளின் ரத்தத்தை நள்ளிரவில் எடுத்துப் பார்த்தாலும் புழுக்குட்டி கிடைக்காது. 1960இல் வேலூர் சிஎம்சியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் மூவரும் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் திசுக்களில் மைக்ரோஃபைலேரியா என்ற அந்தப் புழுக்குட்டிகளைக் காட்டினார்கள். ரத்தத்தில் காணாமல் போனவை அங்கே சிக்கிக் கிடந்தன.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரல் கொள்ளளவுப் பரிசோதனை, ஃபைலேரியா எதிர்ப்பொருள், இரவு ரத்த ஸ்லைடு, மலப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். சாப்பிட்டு வரும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு போங்கள், சில வலிப்பு மாத்திரைகளும் ஆன்டிபயாட்டிக்குகளும் கூட ஈசினோபிலை ஏற்றும்.

மேலூர்_வாசகன் எழுதியது:

டாக்டர் ஐயா, ஒரு எதிர்க்கேள்வி. கிராமத்தில் வெறுங்காலோடு திரியும் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் ஈசினோபில் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அப்படியென்றால் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டுப் போகலாமே, இத்தனை பரிசோதனை எதற்கு? பள்ளிக்கூடத்தில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கத்தானே செய்கிறார்கள்?

பொதுமருத்துவன் எழுதியது:

கொடுக்கட்டும், அது நல்ல திட்டம்தான். ஆனால் அந்த ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை குடலில் இருக்கும் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் ஆனது. நிணநீர் நாளத்தில் குடியிருக்கும் ஃபைலேரியாப் புழுவை அது ஒன்றால் மட்டும் ஒழிக்க முடியாது, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழுவுக்கும் ஒரு மாத்திரை போதாது. மாத்திரை போட்டாயிற்று, இனி பூச்சி இருக்காது என்று முடிவு கட்டுவதுதான் ஆபத்து.

இன்னொன்று. எல்லாப் பூச்சியும் ஈசினோபிலை ஒரே மாதிரி ஏற்றுவதில்லை. புழு திசுவுக்குள் புகுந்து பயணம் செய்யும்போதுதான் எண்ணிக்கை எகிறும். உருண்டைப்புழுவின் குட்டி நுரையீரல் வழியாகப் போகும் அந்த ஒன்றிரண்டு வாரத்தில் ஈசினோபில் உச்சத்தில் இருக்கும், எக்ஸ்ரேயில் நிழல் வந்து வந்து மறையும், 1932இல் லோஃப்லர் விவரித்தது இதைத்தான். அதே புழு வளர்ந்து குடலில் உட்கார்ந்துவிட்டால் எண்ணிக்கை இறங்கிவிடும், சில நேரம் முற்றிலும் சாதாரணமாகவே இருக்கும். கீரிப்பூச்சிக்கு அனேகமாக ஏறவே ஏறாது. மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்து வலிப்பு வருகிற ஆளுக்கும் ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஏனென்றால் அந்தக் கட்டி உறைக்குள் மூடிக் கிடக்கிறது. மலேரியா, அமீபா, ஜியார்டியா எல்லாம் ஒட்டுண்ணிகள்தான், ஆனால் ஒற்றை அணு உயிரிகள், அவற்றில் ஈசினோபில் ஏறுவது வழக்கமில்லை. மலேரியா நோயாளிக்கு ஈசினோபில் அதிகமாக இருந்தால் கூடவே வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் நான் தேடுவேன்.

ஆய்வு_மாணவி எழுதியது:

நோயெதிர்ப்பியலில் ஆய்வு செய்கிறேன். மேலூர் அண்ணாவின் கேள்விக்கு இன்னொரு பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஈசினோபில் ரத்தத்தில் நிரந்தரமாக இருக்கும் அணு இல்லை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் ஒரு நாளுக்கும் குறைவாகவே ஓடி, திசுவுக்குள் போய்விடும். திசுவில் இருப்பவை ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆகவே ரத்தத்தில் எண்ணுவது பேருந்து நிலையத்தில் நிற்கிறவர்களை எண்ணி ஊரில் எத்தனை பேர் என்று சொல்வது போலத்தான். நேரத்தைப் பொறுத்தும் மாறும், உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் கார்ட்டிசால் காலையில் அதிகம் என்பதால் ஈசினோபில் காலையில் குறைந்து இரவில் கூடும். அதனால் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே வேளையில் எடுத்தவையாக இருப்பது நல்லது.

இதை ஏற்றிவிடுவது இன்டர்லூக்கின் 5 என்ற சமிக்ஞைப் புரதம். புழு உள்ளே வந்ததும் உதவி டி அணுக்களில் ஒரு வகை விழித்துக்கொண்டு இன்டர்லூக்கின் 4, 5, 13 ஆகியவற்றைச் சுரக்கிறது. 5 ஈசினோபிலைப் பெருக்குகிறது, 4 பி அணுக்களை ஐஜிஇ செய்யத் தூண்டுகிறது. அலர்ஜியிலும் நடப்பது இதே பாதைதான். அதனால்தான் தூசி ஒவ்வாமைக்காரரின் அறிக்கையும் புழுக்காரரின் அறிக்கையும் ஒரே சாயலில் இருக்கின்றன, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஐஜிஇ 2,900 என்பதிலும் கவனம் தேவை. புழு வந்தால் உடம்பு செய்கிற ஐஜிஇயில் பெரும்பகுதி அந்தப் புழுவையே குறிவைப்பதில்லை. பொதுவாகத் தூண்டப்பட்டு எதை எதையோ நோக்கிய ஐஜிஇ எல்லாம் சேர்ந்து ஏறுகிறது. மொத்த ஐஜிஇ எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் என்ன புழு என்று தெரியாது, புழுவா என்று கூடத் தெரியாது. எக்ஸிமா உள்ளவருக்கும் ஆயிரக்கணக்கில் வரும், நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு ஒவ்வாமை வந்த ஆஸ்துமாக்காரருக்கும் வரும்.

திருவாரூர்_பேரன் எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் பல வருடக் கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் தாத்தாவுக்கு யானைக்கால். பிராயத்திலேயே வந்தது, கால் மரம் மாதிரி, மாதத்துக்கு ஒரு தடவை நெறி கட்டிக் காய்ச்சல் வேறு. சுகாதாரத் துறையினர் ராத்திரி பத்து மணிக்கு மேல் டார்ச் அடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அப்படி எடுத்ததில் தாத்தாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. வயலில் நாள் முழுக்க வேலை செய்கிற, தலைவலி என்று கூடப் படுக்காத என் பெரியப்பாவுக்கு ரத்தத்தில் புழு இருக்கிறது என்று வந்தது. வீட்டில் யாரும் நம்பவில்லை, ஸ்லைடு மாறிப்போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டார்கள். பெரியப்பா மாத்திரையும் சாப்பிடவில்லை. இது எப்படி?

ஆய்வு_மாணவி எழுதியது:

ஸ்லைடு மாறவில்லை அண்ணா, அப்படித்தான் வரும். ஃபைலேரியாவின் நோயெதிர்ப்பு விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதியே இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பெரியப்பா மாதிரி ஆட்களின் ரத்தத்தில் நள்ளிரவில் ஆயிரக்கணக்கில் குட்டிகள் ஓடலாம், கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரம் பார்த்து, இரவு பத்திலிருந்து இரண்டு மணிக்குள் மேல்தோல் ரத்தத்துக்கு வந்து, பகலில் நுரையீரல் நாளங்களுக்குள் போய்விடும். 1872இல் கல்கத்தாவில் டிமத்தி லூயிஸ் மனித ரத்தத்தில் முதன்முதலாகக் கண்டது இவற்றைத்தான். இவ்வளவு குட்டிகள் ஓடியும் அவருக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை என்றால், புழு அவருடைய எதிர்ப்பைத் தணித்து வைத்திருக்கிறது. அவருடைய டி அணுக்களை எடுத்து ஆய்வுக்கூடத்தில் புழுவின் புரதத்தோடு வைத்தால் சரியாகப் பெருகாது. இன்டர்லூக்கின் 10 என்ற தணிப்பு சமிக்ஞை கூடுதலாக இருக்கும். எதிர்ப்பொருளில் ஐஜிஜி4 கொட்டிக் கிடக்கும்.

சாதாரண மனிதரின் மொத்த ஐஜிஜியில் ஐஜிஜி4 ஐந்து சதவீதத்துக்குக் கீழே, நான்கு துணை வகைகளில் கடைசி. ஆனால் குட்டிகள் ஓடுகிறவருடைய ரத்தத்தில் புழுவுக்கு எதிரான ஐஜிஜியை மட்டும் பிரித்துப் பார்த்தால் இந்தக் கடைசி ஆள்தான் முன்னால் நிற்கிறது. 1985இல் ஆட்டெசனும் கூட்டாளிகளும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையமும் (இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமும் சேர்ந்து பல வருடங்களாக ஃபைலேரியா நோயெதிர்ப்பில் செய்த வேலை நம் மாநிலத்து நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வந்தது, அதை நம் ஆட்கள் பலர் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். ஐஜிஜி4 காம்ப்ளிமென்ட் என்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் கிளப்பாது, பெரிய கூட்டுக் கட்டிகளையும் உண்டாக்காது. ஐஜிஇ பிடிக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு அதைத் தடுக்கவும் செய்கிறது. ஆகவே அதிக ஐஜிஜி4 உள்ளவர் அமைதியாக இருக்கிறார், ஆனால் கொசுவுக்குப் புழுவைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

தாத்தாவுடைய உடம்பு புழுவோடு சமாதானமாகப் போகவில்லை. அவரைப் போன்றவர்களிடம் அழற்சிச் சமிக்ஞைகள் கூட, புழுவுக்கு எதிரான ஐஜிஜி4 குறைவு, ஒப்பீட்டில் ஐஜிஇ, ஐஜிஜி3 தூக்கல். குட்டிகள் ஓட விடாமல் அழிக்கப்பட்டுவிட்டன, ஆனால் அந்தச் சண்டையிலும் அதன்மேல் வந்த பாக்டீரியாத் தொற்றுகளிலும் நிணநீர் நாளம் போய்விட்டது. கால் வீங்கிய பிறகு ஸ்லைடிலும் ஆன்டிஜன் சோதனையிலும் பலருக்கு ஒன்றும் வராது.

காவிரிக்கரையின் தம்பிக்கு டாக்டர் சந்தேகப்படுவது மூன்றாவது முனை. அங்கே ஐஜிஇயும் ஈசினோபிலும் புழு எதிர்ப்பொருளும் எல்லாமே உச்சத்தில். குட்டிகள் நுரையீரலுக்குள் வந்ததும் பிடித்து அழிக்கப்படுகின்றன, அழிக்கும்போது நுரையீரலும் அடி வாங்குகிறது. ஒரே புழு, மூன்று பேருக்கு மூன்று விதமான ரத்த அறிக்கை.

மேலூர்_வாசகன் எழுதியது:

இப்போது புரிகிறது. அப்படியானால் பெரியப்பா மாதிரி ஆளை ஈசினோபில் எண்ணி மட்டும் கண்டுபிடிக்க முடியாது, சரிதானே? அவருக்குக் கொஞ்சம்தான் ஏறியிருக்கும்.

லேப்_கலை எழுதியது:

சரிதான். அதற்காகத்தான் ஆன்டிஜன் அட்டை வந்தது. புழு வெளிவிடும் பொருளை நேரடியாகப் பிடிக்கிறது, உடம்பின் எதிர்வினையை அல்ல, அதனால் பகலில் எடுத்தாலும் போதும். இப்போது பயன்படும் பட்டைக்கு 75 மைக்ரோலிட்டர் விரல் ரத்தம் விட்டுப் பத்தாவது நிமிடத்தில் படிக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து அரை மணி கழித்துப் பார்த்தால் இல்லாத கோடு மங்கலாகத் தெரியும், அதை பாசிட்டிவ் என்று எழுதிவிடக் கூடாது. இது உச்செரெரியா பாங்க்ராஃப்டி வகைக்கு மட்டுமே. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் அறியப்பட்ட புரூகியா மலாயி வகையை இந்தப் பட்டை காட்டாது, அதற்கு ஐஜிஜி4 எதிர்ப்பொருளைப் பார்க்கும் வேறு சோதனை இருக்கிறது. அப்புறம், மருந்து சாப்பிட்டு ஸ்லைடில் குட்டிகள் மறைந்த பிறகும் தாய்ப்புழு சாகாமல் இருந்தால் ஆன்டிஜன் பாசிட்டிவாகவே நீடிக்கும், வருடக்கணக்கில் கூட.

வன்னி_வாசகி எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கட நாட்டில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமற் போய்விட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. முன்பு அது மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான் இருந்தது. ஆனாலும் இரவுக் குருதிப் பரிசோதனையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. பல தசாப்தங்களாகக் காணப்படாத புரூகியா திரும்பவும் வந்திருக்கிறது, விலங்குகளில் இருந்து வருவதாகச் சொல்கிறார்கள்.

நான் கேட்க வந்தது வேறு. நாய்களில் இருக்கும் டைரோஃபைலேரியா புழு மனிதருக்கு வந்து கண் இமையிலோ தோலுக்கடியிலோ கட்டியாக நிற்பது எங்களிடம் அடிக்கடி அறிக்கையாகிறது. என் மருமகனுக்குக் கன்னத்தில் ஒரு கட்டி, வெட்டி எடுத்தபோது உயிரோடு ஒரு புழு. ஆனால் குருதியில் ஈசினோபில் சாதாரணம். வைத்தியர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். அது சரியா?

பொதுமருத்துவன் எழுதியது:

சரிதான் அம்மா. அந்தப் புழுவுக்கு மனிதர் சொந்த வீடு இல்லை, பெரும்பாலும் ஒற்றைப் புழுவாக ஒரே இடத்தில் நிற்கும், குட்டி போட்டு ரத்தத்தில் விடுவது மிக அரிது. ஈசினோபில் ஏறாமல் இருப்பதே அதில் வழக்கம். வெட்டி எடுத்ததோடு அனேகமாக வைத்தியம் முடிந்தது.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நெஞ்சக மருத்துவரைப் பார்த்துவிட்டோம். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் நடுவிலும் கீழேயும் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்றார். இரவு ஸ்லைடில் ஒன்றுமில்லை. ஃபைலேரியா எதிர்ப்பொருள் மிக அதிகம். மலத்தில் எதுவும் வரவில்லை. டிராப்பிகல் பல்மனரி ஈசினோபீலியா என்றே எடுத்துக்கொண்டு டிஇசி என்ற ஃபைலேரியா மாத்திரையை மூன்று வாரத்துக்குத் தொடங்கியிருக்கிறார். இருமல் இப்போதே நன்றாகக் குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு ஒரு பயம், எங்கள் தெருவில் முகாமில் டிஇசி சாப்பிட்ட சிலருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்ததாம், மாத்திரையே விஷம் என்று சொல்கிறார்கள்.

பொதுமருத்துவன் எழுதியது:

நல்ல செய்தி. அந்தக் காய்ச்சலின் காரணத்தை அம்மாவுக்குச் சொல்லுங்கள். ரத்தத்தில் நிறையக் குட்டிகள் ஓடுகிறவர் டிஇசி சாப்பிட்டால் அவை கூட்டமாகச் சாகும். செத்த புழுக்களின் பொருள்களும், அவற்றுக்குள்ளேயே வாழும் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவும் ரத்தத்தில் வெளிப்படும்போது இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் ஏறி ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வரும். யாருக்குக் குட்டிகள் அதிகமோ அவருக்குத்தான் அது பலமாக வரும். திருவாரூர்த் தம்பியின் பெரியப்பா சாப்பிட்டிருந்தால் அவருக்கு வந்திருக்கும், அவரைப் போன்றவர்கள்தான் கட்டாயம் சாப்பிட வேண்டியவர்களும். உங்கள் தம்பிக்கு ரத்தத்தில் குட்டிகள் இல்லாததால் அந்த மாதிரி வர வாய்ப்புக் குறைவு.

ஆனால் இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மூன்று வாரமும் முடிந்த பிறகு கூடச் சிலருக்கு நுரையீரலில் ஈசினோபில் அழற்சி கொஞ்சம் மிச்சம் இருப்பதை, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அணுக்களை எண்ணிச் சென்னையில் காட்டியிருக்கிறார்கள். ரத்தம் சரியாகிவிட்டது என்பதால் நுரையீரலும் சரியாகிவிட்டது என்று ஆகாது. சிலருக்குத் திரும்ப வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி மூச்சுக் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

சர்க்கரைத்_தேடல் எழுதியது:

புழு இருந்தால் சர்க்கரை நோய் வராது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சென்னையில் ஆய்வு செய்து நிரூபித்ததாம். இன்டர்லூக்கின் 10 என்று நீங்கள் சொன்னதால் கேட்கிறேன்.

ஆய்வு_மாணவி எழுதியது:

ஆய்வு உண்மை, காணொளியின் முடிவு தவறு. 2010இல் வெளியான சென்னை ஆய்வில் சர்க்கரை நோயாளிகளிடம் ஃபைலேரியா ஆன்டிஜன் குறைவாகக் காணப்பட்டது, இரண்டும் சேர்ந்து இருந்தவர்களிடம் அழற்சிச் சமிக்ஞைகள் தணிந்திருந்தன. புழு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதிர்ப்பைத் தணிக்கும்போது மற்ற அழற்சியும் சேர்ந்து தணிகிறது என்று அதிலிருந்து யோசிக்க இடமிருக்கிறது. ஆனால் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்று மற்றொன்றைத் தடுப்பது வேறு. அதே தணிப்பு காசநோய்க் கிருமிக்கு எதிராக உடம்புக்குத் தேவையான சமிக்ஞைகளையும் மட்டுப்படுத்துகிறது, புழுவும் காசநோய்த் தொற்றும் சேர்ந்திருப்பவர்களிடம் சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் இதையும் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரைக்குப் பயந்து புழுவை வைத்துக்கொள்ளச் சொல்லும் காணொளியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தஞ்சை_மகள் எழுதியது:

தாமதமாகச் சேருகிறேன். என் அம்மாவுக்கு மூட்டுவாதத்துக்காக அதிக அளவில் ஸ்டீராய்டு தொடங்கப் போகிறார்கள். வாழ்நாள் முழுக்க நடவு வேலை, செருப்பில்லாத கால். ஈசினோபில் எண்ணிக்கை 210, சாதாரணம். முதலில் லேப் அக்கா ஸ்டீராய்டைப் பற்றி எச்சரித்ததைப் பார்த்துக் கேட்கிறேன், இந்த எண்ணிக்கையை வைத்துப் புழு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

பொதுமருத்துவன் எழுதியது:

இதை நீங்கள் மருந்து தொடங்கும் முன்பே கேட்டது மிக நல்லது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக ஏறுகிறது. மற்றக் குடற்புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத ஒரு திறமை இதற்கு உண்டு, வெளியே போகாமலேயே குட்டி குடல் சுவரைத் துளைத்து மறுபடி உள்ளே புகுந்துகொள்ளும். அதனால் ஒரு தடவை வந்தால் பல பத்தாண்டுகள் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் சயாம் பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவர்களுக்குள் இந்தப் புழு இருந்தது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்களை யாரும் அப்படித் தேடிப்போய்ச் சோதிக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

ஸ்டீராய்டு உடம்பின் பிடியைத் தளர்த்தியதும் இந்தக் குட்டிகள் பெருகி நுரையீரல், மூளை வரை போகும், குடலில் இருந்து பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு போவதால் ரத்தத்தில் நச்சு ஏறி உயிரே போகலாம். அந்தக் கட்டத்தில் ஈசினோபில் பெரும்பாலும் ஏறவே ஏறாது, ஏறாமல் இருப்பதை மோசமான அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆகவே 210 என்ற எண் அம்மாவுக்கு ஒன்றும் உத்தரவாதம் தராது. அவர் ஏற்கெனவே சிறிய அளவில் ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தாரா என்பதையும் பாருங்கள், மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத மாத்திரையோ பொடியோ வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு தடவை மலம் பார்த்தால் பாதிக்கு மேல் தவறிவிடும். ரத்தத்தில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஐஜிஜி எதிர்ப்பொருள் பார்க்கச் சொல்லுங்கள், அது இன்னும் நன்றாகப் பிடிக்கும். இருந்தால் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்துவிட்டு ஸ்டீராய்டைத் தொடங்கலாம், சோதனை கிடைக்காத இடத்தில் சந்தேகம் வலுவாக இருந்தால் முன்கூட்டியே கொடுப்பதும் உண்டு. கொரோனா காலத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கும் முன் இப்படிச் செய்யச் சொன்னார்கள். முடிவு உங்கள் மூட்டு மருத்துவருடையது, ஆனால் இந்தக் கேள்வியை அவரிடம் நேராகவே கேளுங்கள்.

தஞ்சை_மகள் எழுதியது:

கேட்டுவிட்டேன் ஐயா. எதிர்ப்பொருள் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், ரத்தம் கொடுத்தாயிற்று. பாசிட்டிவாக வந்து மருந்து கொடுத்தால், புழு போய்விட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

லேப்_கலை எழுதியது:

அதே ஐஜிஜியைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும், ஆனால் உடனே இல்லை. எதிர்ப்பொருள் மெதுவாகத்தான் இறங்கும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். இப்போது எடுத்த அறிக்கையில் வெறும் பாசிட்டிவ் என்று மட்டும் எழுதாமல் அளவையும் எண்ணாகக் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த முறை அதே பரிசோதனைக் கூடத்தில் அதே முறையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். கூடவே மலமும் ஒரு தடவைக்கு மேல் பார்ப்பது நல்லது. ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கும் வரை ஈசினோபிலை இதற்கு நம்ப வேண்டாம்.